கணுக்காலில் மின்சாரம், சிறுநீர்ப் பைக்கு வைத்தியம்

சாலைக் கடைத் தெருவில் பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். நெல்லைப் பக்கத்தில் இருந்து பிழைப்புக்கு வந்தவர். திருவனந்தபுரம் நகரை அவர் தெரிந்து வைத்திருப்பது போல வேறு யாரும் தெரிந்து வைத்திருக்க மாட்டார்கள். எந்த ஹோட்டலின் பின்கட்டில் கழிப்பறை, கிழக்கே கோட்டையில் எங்கே கட்டணக் கழிப்பிடம், மெடிக்கல் காலேஜ் பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் இறங்கினால் ஒதுங்க இடம் உண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊருக்குப் போக ரயில் ஏறினால் ஜன்னல் ஓரம் தேட மாட்டார். கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையைத்தான் தேடுவார்.

சிறுநீர் வருகிறது என்று தோன்றினால் போதும், அடுத்த நிமிடம் அடக்க முடியாது. சில நாட்களில் போய்ச் சேருவதற்குள்ளேயே வேட்டி நனைந்து விடுகிறது. மனைவியிடம் சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்ல வழியில்லை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாதந்தோறும் டாக்டரிடம் போகிறார்; அவரிடமும் சொல்லவில்லை. 'வயசானால் இப்படித்தான்' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கொண்டு, காலையில் இருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தி விட்டார். ஹோட்டலில் வைக்கும் பதிமுகத் தண்ணீரைக் கூட நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான் குடிப்பார்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் நம்மிடையே ஏராளம். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். இந்தத் தொல்லைக்கு வைத்தியம் உண்டு என்பதும், அதில் ஒரு வழி கணுக்காலில் சிறிதளவு மின்சாரம் செலுத்துவது என்பதும் பலருக்குத் தெரியாது. சிறுநீர்ப் பை இருப்பது அடிவயிற்றில். கரண்ட் வைப்பது காலில். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது சந்தையில் விற்கும் மாய வைத்தியம் அல்ல. மருத்துவக் கல்லூரிகளில் பரிசோதித்துப் பார்த்து ஏற்றுக் கொள்ளப்பட்ட முறை. அதே சமயம் எல்லாருக்கும் பலிக்கும் முறையும் அல்ல.

கழிப்பறைக்காக ஒரு போராட்டம்

சொல்ல வெட்கப்படும் விஷயம் என்பதால் இது வெறும் உடம்பு சமாசாரம் என்று எண்ணிவிடக் கூடாது. வேலை செய்யும் இடத்துக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கோழிக்கோட்டில் பி.விஜி என்ற தையல் தொழிலாளி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைத் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது கூலி உயர்வு அல்ல, கழிப்பறை. நாள் முழுவதும் நின்று சேலை மடிக்கும் பெண்கள் சிறுநீர் கழிக்க இடம் இல்லாமல் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வந்து அவதிப்பட்டனர். பிறகு அவர்கள் கேட்டது உட்காரும் உரிமை. 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அதே போன்ற சட்டத் திருத்தம் 2021-ல் வந்தது.

ரயில் இன்ஜின் டிரைவர்கள் கதை இன்னும் பழையது. பயணிகளின் பெட்டிக்குக் கழிப்பறை வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான், 2016-ல் இந்திய ரயில்வேயில் முதன்முதலாக ஓர் இன்ஜினில் கழிப்பறை வைக்கப்பட்டது. அடக்கி அடக்கி வேலை பார்ப்பது இந்த நாட்டில் பல தொழில்களுக்கு எழுதப்படாத விதி.

தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொல்லை குறையும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. சிறுநீர் கெட்டியாகி, பையின் உட்சுவரை உறுத்தி, அடிக்கடி போகத் தூண்டும். கிருமியும் சேரும். குறைக்க வேண்டியது தண்ணீரை அல்ல. மணிக்கு ஒரு தரம் குடிக்கும் டீயையும் காப்பியையும்.

கன்ட்ரோல் ரூமும் கேபினும்

பெரியவர்களின் சிறுநீர்ப் பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். பாதி அளவு நிரம்புவதற்கு முன்பே 'போகலாம்' என்ற முதல் எண்ணம் எழும். பை நிரம்பும் செய்தியை நரம்புகள் முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதிக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகிறது. 'இப்போது வேண்டாம், கடையில் ஆள் இருக்கிறது' என்று மூளை சொன்னால், பையின் தசை தளர்ந்து காத்திருக்கிறது. வாசலில் உள்ள தசை இறுகிக் கொள்கிறது. இடம் கிடைத்ததும் மூளை அனுமதி தருகிறது.

ரயில்வேக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பை ஒரு ஸ்டேஷன். முதுகுத் தண்டின் அடிப்பகுதி கேபின். மூளை கன்ட்ரோல் ஆபீஸ். கன்ட்ரோலைக் கேட்காமலே கேபின் சிக்னலை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? பை பாதிகூட நிரம்பாத நிலையில் அதன் தசை தானாகவே சுருங்குகிறது. அந்த நொடியில் ஓட வேண்டியதுதான். இதைத்தான் டாக்டர்கள் 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்கிறார்கள். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவை காரணமாக இருக்கலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் கசிவு எல்லாம் ஒன்றல்ல. இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சொட்டுவது வேறு வகை. பிரசவங்களுக்குப் பிறகு பெண்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்து விடுவதே காரணம். அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் எழுதிய தசைப் பயிற்சிதான் இதற்கு முதல் மருந்து; தேவைப்பட்டால் ஆபரேஷன். மூன்றாவது வகை, பை காலியாகாமல் ததும்பி வழிவது. புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்கு இது வரும். இதற்கும் 'அடக்க முடியவில்லை' என்றுதான் நோயாளி சொல்வார். ஆனால் வைத்தியம் நேர் எதிர். பையை அடக்கும் மாத்திரையை இவருக்குக் கொடுத்தால் சிறுநீர் அடியோடு நின்றுபோய், இரவு பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். கணுக்கால் மின்சாரம் முக்கியமாகப் பயன்படுவது முதலில் சொன்ன அவசர வகைக்கு மட்டுமே.

திருக்கை மீனில் தொடங்கிய கதை

மின்சாரத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்தும் எண்ணம் புதிதல்ல. மின்விளக்கு பிறக்க ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, ரோம் நகர வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின் அதிர்ச்சி தரும் திருக்கை மீனைத் தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் சிபாரிசு செய்தார். நோயாளி மீன் மேல் காலை வைத்து, மரத்துப் போகும் வரை நிற்க வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தவர்களின் பைக்குள் 1878-லேயே மின்சாரம் செலுத்திப் பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சாக்ஸ்டார்ப் என்ற டாக்டர்.

நவீன முயற்சி இங்கிலாந்தில் தொடங்கியது. எக்ஸிடர் நகர அறுவை நிபுணர் கால்டுவெல், 1963-ல், சிறுநீர் வாசல் தசையை இறுக வைக்க உடம்புக்குள் ஒரு மின்கருவியைப் பொருத்தியதை எழுதினார். லண்டனில் பிரிண்ட்லி என்பவர் 1970-களின் பிற்பகுதியில், முதுகுத் தண்டு முறிந்தவர்களின் நரம்பு வேரில் மின்முனைகளை வைத்து, பொத்தானை அழுத்தினால் சிறுநீர் கழியும்படி செய்தார். பிரிண்ட்லி சாமானியப்பட்டவர் அல்லர். மின்சாரத்தால் இயங்கும் ஓர் ஊதுகுழல் வாத்தியத்தையும் அவர் செய்தார். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டனாகோ, ஷ்மிட் என்ற இருவர் வேறு பாதையில் போனார்கள். இதயத்துக்கு 'பேஸ்மேக்கர்' வைப்பது போல, இடுப்பெலும்பின் பின்புறத் துவாரம் வழியாக நரம்பருகே கம்பி செலுத்தி, தோலுக்கு அடியில் பேட்டரியை வைத்தனர். 1997-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. நல்ல பலன் தரும் முறைதான். ஆனால் ஆபரேஷன் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன். கருவிக்கே லட்சக்கணக்கில் ஆகும். மாதச் சம்பளக்காரருக்கு எட்டாக் கனி.

அதனால்தான் கணுக்கால் வழி கவனத்துக்கு வந்தது. காலின் உட்புறம் ஓடும் 'டிபியல்' நரம்பு, சிறுநீர்ப் பையின் நரம்புகள் வந்து சேரும் அதே முதுகுத் தண்டுப் பகுதியில் இருந்துதான் கிளம்புகிறது. கேபின் ஒன்றே, லைன்தான் இரண்டு. ஒரு லைனில் சீரான செய்தியை அனுப்பிக் கொண்டே இருந்தால், மற்றொரு லைனில் இருந்து வரும் பொய்ச் செய்தி அடங்குகிறது. மெக்வயர் என்ற அமெரிக்க டாக்டர் 1983-ல் இதை எழுதினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் மார்ஷல் ஸ்டோலர் ஊசி மூலம் செய்யும் முறையாக இதை உருவாக்கினார். சீன அக்குபங்சர் வைத்தியர்கள் அடிவயிற்றுக் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகக் குத்தி வந்த இடமும் ஏறக்குறைய அதுவே என்பது வேடிக்கையான ஒற்றுமை.

அரை மணி நேரம் நாற்காலியில்

நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். கால் சிறிது உயர்த்தி வைக்கப்படுகிறது. மயக்க மருந்து கிடையாது, பட்டினி கிடையாது. உட்புறக் கணுக்கால் மொட்டுக்கு மூன்று விரற்கடை மேலே, எலும்புக்குச் சற்றுப் பின்னால், மிக மெல்லிய ஊசி ஒன்றைச் சாய்வாகச் செலுத்துகிறார்கள். கொசுக் கடி போலத்தான் இருக்கும். பாதத்தில் ஒரு பிசின் பட்டை ஒட்டப்படுகிறது. இரண்டில் இருந்தும் கம்பி, பேட்டரியில் இயங்கும் சிறு பெட்டிக்குப் போகிறது. வீட்டுச் சுவர் கரண்ட் அல்ல. அதனால் ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேண்டாம்.

பெட்டியின் அளவை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். ஒரு கட்டத்தில் கால் கட்டைவிரல் தானாக மடங்கும், அல்லது விரல்கள் விசிறி போல விரியும், அல்லது உள்ளங்காலில் சுருசுருவென்று ஓடும். சரியான நரம்பைப் பிடித்தாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு வலிக்காத அளவில் நிறுத்தி, 30 நிமிடம் அப்படியே விடுவார்கள். உச்ச அளவே 9 மில்லி ஆம்பியர்தான். நோயாளி பேப்பர் படிக்கலாம், தூங்கலாம். முடிந்ததும் ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தி அனுப்பிவிடுவார்கள். ஊசி குத்திய இடத்தில் லேசான வலி, ஒரு சொட்டு ரத்தம், சிறு கன்றல்; பெரும்பாலும் இவ்வளவுதான் பக்க விளைவு.

வாரம் ஒரு தடவை, 12 வாரம் தொடர்ந்து செய்ய வேண்டும். பலருக்கு முதல் நான்கைந்து வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. 'மூன்று வாரம் போனேன், ஒன்றும் காணோம்' என்று நிறுத்திவிடுகிறவர்கள் பணத்தையும் நேரத்தையும் வீணாக்கியவர்கள் ஆகிறார்கள். பலன் கண்டவர்களும் அதோடு விட்டுவிட முடியாது. மாதம் ஒரு தடவை போல வந்து போக வேண்டியிருக்கும். நோயை வேரோடு பிடுங்கும் வைத்தியம் அல்ல, அடக்கி வைக்கும் வைத்தியம்.

பாதிப் பேருக்கு

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் 220 பேரை வைத்து நடந்து, 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை. மறுபாதிப் பேருக்குப் பொய்ச் சிகிச்சை. ஊசி குத்துவது போலத் தோன்றும், தோலுக்குள் போகாது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 12 வாரம் கழித்துக் கேட்டபோது, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 54.5 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் என்றனர். பொய்ச் சிகிச்சை பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 20.9 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வைத்தியம் பலிக்கிறது என்பதை முதல் எண் சொல்கிறது. ஒன்றுமே செய்யாமல், செய்தது போல நடித்தாலே ஐந்தில் ஒருவருக்குக் குணம் தெரியும் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. பிழைக்கத் தெரிந்த வியாபாரிக்கு அந்த ஐந்தில் ஒருவர் போதும், விளம்பரம் செய்ய.

ஊசிக்குப் பதிலாகத் தோலின் மேல் இரண்டு பட்டைகளை ஒட்டிச் செய்யும் முறையும் உண்டு. முதுகுவலிக்கு பிசியோதெரபி கூடங்களில் வைக்கும் 'டென்ஸ்' மெஷினே இதற்கும் உதவும். பயிற்சி பெற்றவரிடம் கற்றுக் கொண்டால் வீட்டிலேயே செய்யலாம், செலவும் குறைவு. சில ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் பிரிட்டனில் முதியோர் இல்லங்களில் 400-க்கும் மேற்பட்ட மூதாட்டிகளிடம் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், உண்மைச் சிகிச்சைக்கும் பொய்ச் சிகிச்சைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே தள்ளாத வயதில் பல நோய்களோடு இருக்கும் பெரியவருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பது சரியல்ல. அவர்களுக்கு வேண்டியது, இரண்டு மணிக்கு ஒரு தரம் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போக ஓர் ஆள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் எளிதில் உறையாதவர்கள், காலில் நரம்பு கெட்டுப் போனவர்கள் இந்தச் சிகிச்சைக்குப் போகக் கூடாது. கடைசியில் சொன்னது சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது. உள்ளங்கால் மரத்துப் போனவருக்கு அந்த நரம்பில் செய்தி போவதே சந்தேகம்.

முதலில் மின்சாரம் அல்ல

எடுத்த எடுப்பில் யாரும் கரண்ட் வைப்பதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் ஆகியவை முதல் படி. கிருமித் தொற்று என்றால் ஒரு வார மாத்திரையில் கதை முடிந்தது. அடுத்தது பழக்கம். அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, இடுப்புத் தசையை இறுக்கி, ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டுப் பழகுவது. பிறகு பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். காசு செலவில்லாத இந்தப் பயிற்சியிலேயே பலர் தேறிவிடுகின்றனர். அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை. நாக்கு வறளும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு மனம் குழம்பும் என்பதால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை ஒத்துக் கொள்ளாதவர்களுக்கும், மாத்திரைக்குப் பலன் காணாதவர்களுக்கும்தான் கணுக்கால் ஊசியின் முறை வருகிறது.

தென்னை மரத்தில் இருந்தோ கட்டடச் சாரத்தில் இருந்தோ விழுந்து முதுகுத் தண்டு அடிபட்ட தொழிலாளிகளின் நிலை வேறு. அவர்களுக்குச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான ரப்பர் குழாயைத் தாங்களே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறைதான் உயிர் காக்கிறது. லாபிடஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1972-ல் காட்டிய வழி அது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் 2003-ல் தொடங்கிய 'பாலியம் இந்தியா' அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்கும் உதவுகிறது.

இன்னொரு செய்தி. நாணயம் அளவே உள்ள ஒரு கருவியைக் கணுக்கால் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடும் முறைக்கு 2022-ல் அமெரிக்க அரசு அனுமதி அளித்திருக்கிறது. வாராவாரம் ஊசி குத்த வேண்டியதில்லை. நம் ஊர்க் கூலிக்காரருக்கு இந்த வாரக் கணக்குதான் உண்மையான தடங்கல். பன்னிரண்டு தடவை போவது என்றால் பன்னிரண்டு நாள் கூலியோ, பன்னிரண்டு அரை நாள் லீவோ போய்விடும். தனியாரிடம் போகிறவர்கள் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்காமல், 12 தடவைக்கும் பிறகு மாதாமாதம் வருவதற்கும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக் கொள்வது நல்லது.

உள்ளூர் மெடிக்கல் காலேஜ்

1951-ல் பண்டித நேரு திறந்து வைத்த திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் சிறுநீர் நோய்களுக்கென்று தனித்துறை, 'யூராலஜி' உண்டு. அதே குன்றின் மேல் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது இதயத்துக்கும் மூளை நரம்புகளுக்குமான இடம். தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் எல்லா நோய்க்கும் 'சித்ரா' என்று நினைத்து அங்கே போய் நின்று, பாதி நாளைத் தொலைத்துவிட்டு இங்கே வருவதுண்டு. பக்கவாதம், பார்க்கின்சன் நோய் காரணமாகக் கட்டுப்பாடு போனவர்கள் வேண்டுமானால் தங்கள் நரம்பு டாக்டரிடமே முதலில் சொல்லலாம்.

டாக்டர் மலையாளத்தில் கேட்பாரே, இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம் நம்மவர்களுக்கு உண்டு. 'மூத்ரம் பிடிச்சு நிற்கான் பற்றுன்னில்ல' என்றால் அடக்க முடியவில்லை என்று பொருள். 'அறியாதெ போகுன்னு' என்றால் தெரியாமலே போய்விடுகிறது. எத்தனை தடவை என்று கேட்பார்கள். இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். போவதற்கு முன் மூன்று நாள், ஒரு தாளில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு என்ன குடித்தோம், எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு போனது, எப்போது நனைந்தது என்று எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். அளப்பதற்கு ஒரு பழைய பிளாஸ்டிக் அளவுக் கப் போதும். பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய வேலை அல்ல. ஓ.பி. சீட்டோடு அந்தத் தாளையும் நீட்டினால், கூச்சப்பட்டுச் சொல்ல வேண்டியதில் பாதி மிச்சம்.